தனியா சாஃப்ட்வேர் எழுதுறவங்களுக்கு கிட்: மொத நாள்லேர்ந்து கிளையண்ட் கைக்குப் போற வரைக்கும்

பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு பூக்கடைக்கு பில்லிங், செந்தூல்ல டியூஷன் சென்டருக்கு ஃபீஸ் கணக்கு, பட்டர்வொர்த்ல கோயில் அன்னதானத்துக்கு தொண்டர் பட்டியல், இப்படி சின்னச் சின்ன சாஃப்ட்வேர தனி ஆளா ஒக்காந்து எழுதுறவங்க நம்மள்ல நெறைய பேர். வேலை முடிஞ்சு வந்து ராத்திரில எழுதுறது, சனி ஞாயிறுல எழுதுறது. ஆறு மாசம் கழிச்சு கடைக்காரர் ஃபோன் போட்டு "தம்பி, போன வாரம் வரைக்கும் கணக்கு சரியா வந்துச்சு, இப்ப ஏன் 2 சென் இடிக்குது?"ன்னு கேப்பார். போன வாரம் கோட் எப்படி இருந்துச்சு, எந்த வரி மாறுச்சுன்னு பாக்க முடிஞ்சா பத்து நிமிஷ வேலை, முடியலைன்னா அன்னைக்கு ராத்திரி பூரா போயிடும்.

அதுக்குத் தான் கிட் (git), கோட்ல நீங்க பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் வரலாறா வச்சிருக்கிற டூல். நான் இதப் பழகுறப்ப ரொம்பத் தடுமாறினேன், ஏன்னா கெடைக்கிற பாடமெல்லாம் இருபது பேர் சேந்து வேலை செய்ற கம்பெனிக்கு எழுதினது, புல் ரிக்வெஸ்ட், கோட் ரிவ்யூ, ரிலீஸ் பிராஞ்ச்னு போய்க்கிட்டே இருக்கும், தனி ஆளுக்கு வேண்டியது எங்கயோ நடுவுல கெடக்கும். உண்மைல தனி ஆளுக்கு வேண்டிய கமாண்ட் ரொம்பக் கம்மி. ஆனா மொத ஒரு மணி நேரத்துல எதுக்கு அப்புறம் எதுங்கிற வரிசை ரொம்ப முக்கியம், அது மாறிப் போனா பின்னாடி சரி பண்றது பெரிய வேலை, அதனால கீழ இருக்கிற நம்பர் வரிசைலயே செய்ங்க.

கமாண்டெல்லாம் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற ஜன்னல்) அடிக்கிறப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்குங்க. "மைனஸ்"னு சொல்ற எடத்துல சின்னக் கோடு.

1. இன்ஸ்டால் பண்ணுங்க, பேர் குடுங்க

விண்டோஸ்னா கிட் ஃபார் விண்டோஸ் டவுன்லோட் பண்ணுங்க, காசு கெடையாது. இன்ஸ்டால் பண்றப்ப வரிசையா நெறைய கேள்வி கேக்கும், ரெண்டு எடத்துல மட்டும் நின்னு பாருங்க, மத்ததுக்கெல்லாம் நெக்ஸ்ட் போதும். ஒண்ணு, எடிட்டர் எதுன்னு கேக்கிற எடம். அதுல விம்னு இருக்கும், அத விஎஸ் கோட்டுக்கோ நோட்பேடுக்கோ மாத்திடுங்க. மாத்தலைன்னா என்னைக்காவது மெசேஜ் குடுக்காம கமிட் (அந்த நேரத்து கோட கிட்ல பதிஞ்சு வைக்கிறது) அடிப்பீங்க, உடனே விம் தொறந்து எந்தக் கீய அழுத்தினாலும் வெளிய விடாது, புதுசா வர்றவங்க பல பேர் இங்க பயந்து டெர்மினலயே மூடிடுறாங்க. மாட்டிக்கிட்டா எஸ்கேப் அழுத்திட்டு, முக்காப்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி மூணையும் அடிச்சு எண்டர் தட்டுங்க, வந்துடலாம். ரெண்டாவது, புது ரெப்போவோட (கிட் கண்காணிக்கிற புராஜெக்ட் ஃபோல்டர்) மொத பிராஞ்சுக்கு (வரலாற்றோட ஒரு கிளை) என்ன பேருன்னு கேக்கிற எடம், அதுல "மெயின்"ன்னு வச்சிடுங்க, ஏன்னு 5ல சொல்றேன்.

மேக்ல டெர்மினல தொறந்து கிட்டுன்னு அடிச்சாலே இன்ஸ்டால் பண்ணவான்னு அதுவே கேக்கும். உபுண்டுல சூடோ ஏபிடி இன்ஸ்டால் கிட், அவ்வளவு தான்.

அடுத்து உங்க பேரையும் இமெயிலையும் குடுக்கணும்: கிட் கான்ஃபிக் மைனஸ் மைனஸ் குளோபல் யூசர் டாட் நேம், அதே மாதிரி யூசர் டாட் இமெயில். இந்த இமெயில் நீங்க போடுற ஒவ்வொரு கமிட்லயும் ஒட்டிக்கிட்டே வரும், அதனால ஆபீஸ் இமெயில் வேண்டாம், வேலைய மாத்தினா அந்த இமெயில் உங்க கைல இருக்காது. ரெப்போவ என்னைக்காவது எல்லாருக்கும் தெரியுற மாதிரி தொறந்தா இமெயிலும் வெளிய தெரியும், அது வேண்டாம்னா கிட்ஹப் (ரெப்போவ ஆன்லைன்ல வைக்கிற எடம், 5ல வரும்) செட்டிங்ஸ்ல இமெயில மறைக்கிற டிக் ஒண்ணு இருக்கு, அத போட்டா உங்களுக்குன்னு ஒரு நோ ரிப்ளை முகவரி குடுப்பாங்க, அதையே இங்க வச்சுக்கலாம்.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு செட்டிங் முக்கியம். ஃபைல் பேர தமிழ்ல வச்சா கிட் ஸ்டேட்டஸ்ல அது வெறும் நம்பரும் சாய்ஞ்ச கோடுமா தெரியும், ஃபைல் கெட்டுப் போச்சோன்னு தோணும். ஒண்ணும் கெடல. கிட் கான்ஃபிக் மைனஸ் மைனஸ் குளோபல் கோர் டாட் கோட்பாத் ஃபால்ஸ்னு (core.quotepath false) ஒரு தடவை போட்டுட்டா தமிழ் தமிழாவே தெரியும்.

2. ஃபோல்டர சரியான எடத்துல வையுங்க

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ரெண்டுலயும் வைக்காதீங்க. விண்டோஸ்ல பல லெப்டாப்ல இந்த ரெண்டையும் ஒன்டிரைவ் தானா சிங்க் பண்ணிக்கிட்டு இருக்கும், நெறைய பேருக்கு அது ஓடுறதே தெரியாது. கிட் தன்னோட வரலாறு மொத்தத்தையும் புராஜெக்ட் உள்ள டாட் கிட்டுன்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டர்ல வச்சிருக்கும், அதுல சின்னச் சின்ன ஃபைலா நெறைய இருக்கும், கிட் எழுதிக்கிட்டு இருக்கிற அதே நேரத்துல ஒன்டிரைவோ டிராப்பாக்ஸோ கூகள் டிரைவோ கை வச்சா ரெப்போ கெட்டுப் போக வாய்ப்பிருக்கு. சி டிரைவ்ல நேரா "புராஜெக்ட்ஸ்"னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வையுங்க, ஃபோல்டர் பேர்ல எடைவெளி விடாதீங்க.

அந்த ஃபோல்டருக்கு உள்ள போய் கிட் இனிட் அடிங்க. உள்ள போயாச்சான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க, வெளிய நின்னு அடிச்சா மத்த புராஜெக்ட், ஃபோட்டோ எல்லாத்தையும் சேத்து கண்காணிக்க ஆரம்பிச்சிடும். அப்படி ஆயிடுச்சுன்னா, இன்னும் கமிட் எதுவும் போடலைன்னா, அந்தத் தப்பான எடத்துல உருவான டாட் கிட் ஃபோல்டர மட்டும் அழிச்சிட்டு திரும்ப ஆரம்பிக்கலாம். கமிட் போட்ட ரெப்போல அந்த ஃபோல்டர அழிச்சா வரலாறு மொத்தமும் போயிடும், இத மட்டும் எப்பவும் நெனப்புல வையுங்க.

3. மொத கமிட்டுக்கு முன்னாடி டாட் கிட்இக்னோர்

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு எடத்த மட்டும் படிக்க நேரம் இருந்தா இத படிங்க.

கிட்டுக்குள்ள ஒரு ஃபைல் ஒரு தடவை கமிட் ஆயிடுச்சுன்னா, அடுத்த கமிட்ல நீங்க அத அழிச்சாலும் பழைய கமிட்ல அது அப்படியே இருக்கும், யார் வேணா தோண்டி எடுக்கலாம். கிட்டோட பலமே அது தான், பாஸ்வேர்டு விஷயத்துல அதுவே ஆபத்து. அதனால எதெல்லாம் உள்ள போகக் கூடாதுன்னு மொதல்ல எழுதணும், அப்புறம் தான் கிட் ஆட் (அடுத்த கமிட்டுக்கு ஃபைல எடுத்து வைக்கிறது).

புராஜெக்ட் ஃபோல்டர்ல டாட் கிட்இக்னோர்னு ஒரு ஃபைல் போட்டு, வரிக்கு ஒண்ணா இதெல்லாம் எழுதுங்க. டாட் என்வ் ஃபைல், அதாவது டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பேமெண்ட் கேட்வே சாவி, இப்ப நெறைய கடைக்கு இ-இன்வாய்ஸ் வேண்டியிருக்கே, அதுக்கு வரி இலாகா எல்எச்டிஎன்னோட மைஇன்வாய்ஸ்ல குடுக்கிற கிளையண்ட் சீக்ரெட், எல்லாம் இதுல தான் இருக்கணும், கோட் நடுவுல எழுதவே கூடாது. நோட் மாட்யூல்ஸ், வெண்டர், பைத்தான்னா வென்வ், இந்த லைப்ரரி ஃபோல்டரெல்லாம் எப்ப வேணா திரும்ப இறக்கிக்கலாம், உள்ள போட்டா ரெப்போ ஊதிப் போயிடும். லாக் ஃபைல் (log, புரோகிராம் ஓடுறப்ப எழுதுற பதிவு), அப்லோட் ஃபோல்டர். டேட்டாபேஸ் ஃபைல். அப்புறம் கிளையண்ட் குடுத்த எக்செல்.

கடைசி ரெண்டப் பத்தி கொஞ்சம் சொல்லணும். டெஸ்ட் பண்றதுக்குன்னு கிளையண்ட் உண்மையான எக்செல அப்படியே குடுத்துடுவாங்க, டியூஷன் சென்டர்னா பிள்ளைங்க பேரு, அப்பா அம்மா ஐசி நம்பர், ஃபோன் நம்பர், வீட்டு அட்ரஸ் எல்லாம் அதுல இருக்கும். அவங்க நம்பிக் குடுத்தது அது. மலேசியால 2010 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நம்ம வாய்ல பிடிபிஏ, வியாபாரத்துக்குக் கையாளுற இந்த மாதிரி தகவலுக்குப் பொருந்தும். டெஸ்டுக்கு நீங்களே பொய்யான பேரு நம்பர் போட்டு சின்னதா ஒரு ஃபைல் செஞ்சு அத மட்டும் ரெப்போல வையுங்க, உண்மையான எக்செல் வேற ஃபோல்டர்லயே இருக்கட்டும்.

டாட் என்வ் உள்ள போகாததால, ஆறு மாசம் கழிச்சு புது லெப்டாப்ல தொறக்கிறப்ப என்னென்ன சாவி வேணும்னே மறந்து போயிருக்கும். அதுக்கு டாட் என்வ் டாட் எக்ஸாம்பிள்னு ஒண்ணு செஞ்சு சாவியோட பேர மட்டும் எழுதி மதிப்ப காலியா விட்டு, அத கமிட் பண்ணுங்க.

ரெண்டு பொறி இருக்கு இங்க. நோட்பேட்ல சேவ் பண்ணா பேருக்குப் பின்னாடி டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கும், விண்டோஸ் அத மறைச்சு வைக்கிறதால சரியா இருக்கிற மாதிரியே தெரியும், ஆனா கிட் அத கண்டுக்காது. சேவ் பண்றப்ப "ஆல் ஃபைல்ஸ்" வச்சு பண்ணுங்க, இல்ல விஎஸ் கோட்லயே செஞ்சிடுங்க. இன்னொண்ணு, ஏற்கனவே கமிட் ஆன ஃபைல அப்புறமா இக்னோர்ல எழுதினா பலிக்காது, கிட் அத கண்காணிச்சுக்கிட்டே தான் இருக்கும். கிட் ஆர்எம் மைனஸ் மைனஸ் கேஷ்டு (cached) போட்டு ஃபைல் பேர குடுத்தா கண்காணிப்புலேர்ந்து எடுத்துடும், ஃபைல் உங்க டிஸ்க்ல அப்படியே இருக்கும். மைனஸ் மைனஸ் கேஷ்ட விட்டுட்டா டிஸ்க்லேர்ந்தும் அழிச்சிடும், பாத்து அடிங்க.

சாவி ஏதாவது ஏற்கனவே வெளிய போயிருந்தா, வரலாற்ற சுத்தம் பண்றது அப்புறம், மொதல்ல அந்த சாவிய கேன்சல் பண்ணி புதுசு வாங்குங்க. வெளிய போனத யாரும் காப்பி எடுக்கலைன்னு உறுதியா சொல்ல வழியே இல்ல. அதுக்கப்புறம் வேணும்னா கிட் ஃபில்டர் ரெப்போன்னு ஒரு டூல் இருக்கு, அது வரலாற்றுலேர்ந்தே எடுக்கும்.

4. மொத கமிட்

கிட் ஸ்டேட்டஸ் அடிங்க. செவப்புல ஒரு லிஸ்ட் வரும், அத ஒரு வரி விடாம படிங்க, டாட் என்வ் அதுல இருந்தா 3க்கு திரும்பிப் போங்க. சுத்தமா இருந்தா கிட் ஆட் டாட், திரும்ப ஸ்டேட்டஸ், இப்ப பச்சையா தெரியும், அப்புறம் கிட் கமிட் மைனஸ் எம், மேற்கோளுக்குள்ள மெசேஜ்.

விண்டோஸ்ல எல்எஃப், சிஆர்எல்எஃப்னு ஒரு எச்சரிக்கை வரிசையா வரும். அது வரி முடியுற எடத்துல விண்டோஸ் ஒரு மாதிரியும் மேக், லினக்ஸ் வேற மாதிரியும் குறி வைக்கிறதால வர்றது, எரர் கெடையாது, பயப்படாம போங்க.

5. கிட்ஹப்ல ஒரு காப்பி

இது வரைக்கும் எல்லாம் உங்க லெப்டாப்ல மட்டும் தான் இருக்கு. 2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடால வீடு வீடா தண்ணி ஏறினது நமக்கெல்லாம் தெரியும். லெப்டாப்பும் பேக்கப் ஹார்ட் டிஸ்கும் ஒரே அலமாரில இருந்தா ரெண்டும் ஒண்ணா தான் போகும். இடி மின்னலும் நம்ம ஊர்ல கொஞ்சமில்ல. அதனால ஒரு காப்பி வீட்டுக்கு வெளிய இருந்தே ஆகணும்.

கிட்ஹப்ல அக்கவுண்ட் தொறக்க ஒரு இமெயில் போதும், கார்டு கேக்காது. தொறந்த கையோட டூ ஃபேக்டர் போடுங்க, ஃபோன்ல ஆத்தெண்டிகேட்டர் ஆப் வச்சு போடுறது நல்லது, அப்ப ஒரு ரிக்கவரி கோட் லிஸ்ட் குடுப்பாங்க. அத டவுன்லோட் பண்ணி அதே ஃபோன்லயே வைக்கிறதுல அர்த்தமே இல்ல, பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட், சர்டிபிகேட் வைக்கிற ஃபைல்ல வையுங்க. ஃபோன் தொலைஞ்சு, அந்தப் பேப்பரும் இல்லைன்னா அக்கவுண்ட் திரும்பக் கெடைக்கும்னு எந்த உறுதியும் கெடையாது.

புது ரெப்போ தொறக்கிறப்ப "பிரைவேட்"னு வையுங்க. கீழ ரீட்மீ சேக்கவா, இக்னோர் சேக்கவா, லைசென்ஸ் சேக்கவான்னு கேக்கும், எதுவும் வேண்டாம், காலியா தொறங்க. அங்க ஒரு ரீட்மீ உருவானா அது தனி வரலாறு, உங்க லெப்டாப்ல இருக்கிறது தனி வரலாறு, புஷ் பண்றப்ப (லெப்டாப்லேர்ந்து கிட்ஹப்புக்கு அனுப்புறப்ப) "ரிஜெக்டட்"னு செவப்பா வந்து நிக்கும். புதுசா வர்றவங்க தடுக்கி விழற எடம் பெரும்பாலும் இது தான்.

அப்புறம் கிட் ரிமோட் ஆட் ஆரிஜின், அந்தப் பக்கத்துல குடுக்கிற முகவரி. அப்புறம் கிட் புஷ் மைனஸ் யூ ஆரிஜின் மெயின். இங்க "சோர்ஸ் ரெஃப்ஸ்பெக் மெயின்" பொருந்தலைன்னு எரர் வந்தா ரெண்டு காரணம் தான் இருக்கும். ஒண்ணு, இன்னும் ஒரு கமிட் கூட போடலை. இல்லைன்னா உங்க லெப்டாப்ல பிராஞ்ச் பேரு மாஸ்டர்னு இருக்கு, கிட்ஹப் 2020லேர்ந்து மெயின்னு தான் வைக்குது. கிட் பிராஞ்ச் மைனஸ் எம் மெயின் அடிச்சு பேர மாத்திட்டு திரும்ப புஷ் பண்ணுங்க.

பாஸ்வேர்டு கேட்டா உங்க கிட்ஹப் பாஸ்வேர்ட போட்டு போராடாதீங்க, 2021 ஆகஸ்ட் 13லேர்ந்து கமாண்ட் லைன்ல அது செல்லாது. பழைய வீடியோ பாத்து செய்றவங்க இங்க தான் மணிக்கணக்கா நிப்பாங்க. விண்டோஸ்ல பிரவுசர் தானா தொறந்து லாகின் கேக்கும், ஒரு தடவை குடுத்தா போதும். மேக், உபுண்டுல எஸ்எஸ்எச் சாவி செஞ்சுக்குங்க, எஸ்எஸ்எச் கீஜென் மைனஸ் டி இடி25519 (ssh-keygen -t ed25519) அடிச்சா ரெண்டு ஃபைல் வரும், அதுல டாட் பப்னு முடியுற ஃபைலோட உள்ளடக்கத்த மட்டும் கிட்ஹப் செட்டிங்ஸ்ல ஒட்டணும், இன்னொண்ண யாருக்கும் எதுக்கும் குடுக்கக் கூடாது. இந்த வழில போனா ரிமோட் முகவரியும் எஸ்எஸ்எச் முகவரியா இருக்கணும், எச்டிடிபிஎஸ் முகவரி இல்ல.

6. தினசரி பழக்கம்

ஒரு வேலை முடிஞ்சா ஒரு கமிட். நேரத்த வச்சு இல்ல, வேலைய வச்சு. பில் மொத்தத்த 5 சென்னுக்கு ரவுண்ட் பண்றத எழுதி முடிச்சீங்களா, ஓட்டிப் பாத்தீங்களா, கமிட். அதோட சேத்து பட்டன் கலர மாத்தினது, ரிப்போர்ட் தலைப்ப மாத்தினது எல்லாத்தையும் ஒரே கமிட்ல திணிச்சா பின்னாடி ரவுண்டிங்க மட்டும் திரும்ப எடுக்க முடியாது. ரெண்டு வேலை கலந்து போச்சுன்னா கிட் ஆட் டாட் அடிக்காம ஒவ்வொரு ஃபைல் பேரா குடுத்து தனித்தனியா கமிட் பண்ணுங்க.

கமிட்டுக்கு முன்னாடி கிட் டிஃப் அடிச்சு என்ன மாறியிருக்குன்னு ஒரு பார்வை பாருங்க. டெஸ்டுக்குப் போட்ட வரி, மறந்து போன பாஸ்வேர்டு எல்லாம் இங்க தான் கண்ல படும். கூட ஆள் இருந்தா ரிவ்யூ பண்ணியிருப்பாங்க, நமக்கு அந்த வேலைய இந்த ஒரு கமாண்ட் தான் செய்யுது, தயவு செஞ்சு இத விட்றாதீங்க.

மெசேஜ்ல "அப்டேட்", "ஃபிக்ஸ்"னு மட்டும் எழுதினா எழுதாத மாதிரி தான். "கேஷ் பில்லுக்கு மட்டும் 5 சென் ரவுண்டிங், கார்டுக்கு இல்ல, கடைக்காரர் ஃபோன்ல கேட்டது"ன்னு எழுதுங்க. என்ன மாறுச்சுங்கிறத டிஃப் காட்டிடும், ஏன் மாறுச்சுங்கிறது உங்க மெசேஜ்ல மட்டும் தான் இருக்கும். தமிழ்ல எழுதலாம், ஒரு தடையும் இல்ல.

லெப்டாப்ப மூடுறதுக்கு முன்னாடி கிட் புஷ். வேலை பாதில நின்னாலும் கமிட் பண்ணி புஷ் பண்ணுங்க, மெசேஜ்ல "பாதி வேலை"ன்னு போட்டுக்குங்க, தனி ஆளு தானே, யாரோட வேலையும் கெடப் போறதில்ல.

7. திரும்பிப் போறது

இதுக்காகத் தான் இவ்வளவும். ஆனா திரும்பிப் போற கமாண்டுல சிலது திரும்ப வராத மாதிரி அழிக்கும், அதனால எந்த நெலமைக்கு எதுன்னு தெரிஞ்சு அடிங்க.

கடைக்காரர் கேட்ட அந்த 2 சென் கணக்கையே எடுத்துக்குங்க. மொதல்ல கிட் லாக் மைனஸ் மைனஸ் ஒன்லைன், கமிட் லிஸ்ட் ஒவ்வொண்ணும் ஒரு வரில வரும், வரி ஆரம்பத்துல இருக்கிற எழுத்தும் நம்பரும் சேந்தது தான் கமிட் நம்பர். மொத்தம் கூட்டுற ஃபைல் எதுன்னு தெரிஞ்சா கிட் லாக் மைனஸ் பி (-p) போட்டு அந்த ஃபைல் பேர குடுங்க, அந்த ஒரு ஃபைல் மட்டும் எப்பெப்ப என்னென்ன மாறுச்சுன்னு வரி வரியா காட்டும். ஒரு வரி எந்த கமிட்ல வந்துச்சுன்னு தெரியணும்னா கிட் பிளேம். தப்பான கமிட் கெடச்சா கிட் ரிவர்ட் போட்டு அந்த கமிட் நம்பர குடுங்க. அது பழச அழிக்காது, அந்த மாத்தத்துக்கு நேர்மாறா புதுசா ஒரு கமிட் போடும், வரலாறு முழுசா இருக்கும். ஏற்கனவே புஷ் ஆனதுக்கு ரிவர்ட் தான் சரி.

இன்னும் கிட் ஆட்டும் கமிட்டும் பண்ணாத மாத்தம் பிடிக்கலையா, கிட் ரீஸ்டோர் போட்டு ஃபைல் பேர். இது கடைசி கமிட்ல இருந்த மாதிரி ஃபைல ஆக்கிடும், நீங்க இப்ப எழுதினது போயிடும், கிட்டால அத திரும்பக் குடுக்க முடியாது. சந்தேகமா இருந்தா ரீஸ்டோர் பண்ணாம கிட் ஸ்டாஷ் பண்ணுங்க, அது மாத்தத்த தனியா எடுத்து வைக்கும், வேணும்னா கிட் ஸ்டாஷ் பாப்.

மெசேஜ்ல எழுத்துப் பிழையா, ஒரு ஃபைல சேக்க மறந்துட்டீங்களா, இன்னும் புஷ் பண்ணலையா, கிட் கமிட் மைனஸ் மைனஸ் அமெண்ட், அது கடைசி கமிட்டயே திருத்திடும்.

கிட் ரீசெட் மைனஸ் மைனஸ் ஹார்டுன்னு ஒண்ணு எல்லா பாடத்துலயும் வரும். ஆரம்பத்துல அந்தப் பக்கமே போக வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன், கமிட் பண்ணாத எல்லாத்தையும் கேக்காம தொடச்சிடும். அத அடிச்சு சில கமிட்டே காணாமப் போயிடுச்சுன்னா உடனே கிட் ரீஃப்லாக் பாருங்க, நீங்க நின்ன எடமெல்லாம் அதுல வரிசையா இருக்கும், அந்த நம்பர வச்சு மீட்டுடலாம். சாதாரண செட்டிங்ல இப்படி எதுலயும் ஒட்டாம போன கமிட்ட 30 நாள் வரைக்கும் வச்சிருக்கும், அதனால தள்ளிப் போடாதீங்க. கமிட்டே பண்ணாதது ரீஃப்லாக்லயும் இருக்காது.

பழைய வெர்ஷன சும்மா ஓட்டிப் பாக்கணும்னா கிட் ஸ்விட்ச் மைனஸ் மைனஸ் டிட்டாச், கமிட் நம்பர். பாத்து முடிச்சதும் கிட் ஸ்விட்ச் மெயின்னு அடிச்சு திரும்பிடுங்க, அங்கயே நின்னு புதுசா எழுத ஆரம்பிக்காதீங்க.

8. பிராஞ்ச்

தனி ஆளுக்கு மெயின் ஒண்ணே போதும் பெரும்பாலும். கடைல ஒரு வெர்ஷன் ஓடிக்கிட்டு இருக்கு, நீங்க ஒரு வாரம் எடுக்கிற பெரிய மாத்தம் ஒண்ணு தொடங்குறீங்க, நடுவுல கடைல ஏதாவது நின்னா உடனே சரி பண்ணணும், இந்த நெலமைக்கு மட்டும் பிராஞ்ச் போடுங்க. கிட் ஸ்விட்ச் மைனஸ் சி, ஒரு பேர். முடிஞ்சதும் மெயினுக்கு வந்து, ரெண்டையும் சேக்க கிட் மெர்ஜ், அந்தப் பேர்.

9. டெலிவரி அன்னைக்கு டேக்

கிளையண்ட் கைல குடுக்கிற ஒவ்வொரு தடவையும் கிட் டேக் போட்டு வி1.0, வி1.1ன்னு குறிச்சு வையுங்க. அதே நம்பர இன்வாய்ஸ்லயும் எழுதுங்க. "இது மொத இன்வாய்ஸ்ல இருந்துச்சா, புது வேலையா"ன்னு பேச்சு வர்றப்ப ரெண்டு டேக்குக்கு நடுவுல இருக்கிற கமிட் லிஸ்ட அப்படியே காட்டலாம், மெசேஜ் ஒழுங்கா எழுதியிருந்தா கணினி தெரியாதவங்களும் படிச்சுப் புரிஞ்சுக்குவாங்க. சாதாரண புஷ்ல டேக் போகாது, கிட் புஷ் மைனஸ் மைனஸ் டேக்ஸ்னு தனியா அடிக்கணும், இது நெறைய பேருக்குத் தெரியாது.

சோர்ஸ் கோட் குடுங்கன்னு கிளையண்ட் கேட்டா ஃபோல்டர அப்படியே ஜிப் பண்ணிக் குடுக்காதீங்க, அதுல டாட் கிட்டும் டாட் என்வ்வும் சேந்து போயிடும். கிட் ஆர்க்கைவ்னு ஒரு கமாண்ட் இருக்கு, குறிப்பிட்ட டேக்ல இருந்த ஃபைல மட்டும் ஜிப்பா குடுக்கும்.

10. பேப்பர் வேலை

ரீட்மீ ஃபைல் ஒண்ணு கட்டாயம். எப்படி ஓட்டுறது, எந்த வெர்ஷன் பைத்தான் இல்ல பிஎச்பி, சர்வர் எங்க இருக்கு, டொமைன் எப்ப ரினியூ பண்ணணும், இவ்வளவு போதும், பாஸ்வேர்டு மட்டும் எழுதாதீங்க.

அடுத்தது யாரோட கோட் இது. மலேசியாவோட 1987 காப்பிரைட் சட்டம் 26வது பிரிவுப்படி, ஒருத்தர் கேட்டு நீங்க செஞ்சு குடுக்கிற படைப்போட உரிமை, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா, கேட்டவருக்குப் போனதா தான் கணக்கு. நீங்க எழுதினதுன்னு கிட்ஹப்ல பப்ளிக்கா தொறந்து வேலைக்கு அப்ளை பண்றப்ப காட்டலாம்னு நெனச்சா, அது உங்களோடதா இல்லாம இருக்கலாம். வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, பொதுவான பகுதிய நான் வேற எடத்துலயும் பயன்படுத்திக்குவேன்னு ஒரு வரி இருந்தா போதும். பாயான் லெப்பாஸ் பக்கம் கம்பெனில வேலை பாத்துக்கிட்டே சைடுல எழுதுறவங்க உங்க ஆஃபர் லெட்டர எடுத்து சைடு வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க, ஆபீஸ் லெப்டாப்ல சொந்த ரெப்போவ வைக்காதீங்க.

11. செலவும் நேரமும்

கிட் இலவசம். கிட்ஹப்ல பிரைவேட் ரெப்போ 2019லேர்ந்து இலவசக் கணக்குலயே எத்தனை வேணா வச்சுக்கலாம், கிட்லேப், பிட்பக்கெட்லயும் இலவசமா பிரைவேட் ரெப்போ இருக்கு. மாசம் 4 டாலர் கிட்ஹப் புரோ தனி ஆளுக்குத் தேவைப்படறது அபூர்வம், பிரைவேட் ரெப்போலேர்ந்து கிட்ஹப் பேஜஸ்ல வெப்சைட் ஓட்டணும்கிற மாதிரி தேவை இருந்தா தான் அது வேணும். மலாயா பல்கலைக்கழகம், பினாங்கு யூஎஸ்எம்னு எங்கயாவது படிச்சுக்கிட்டு இருக்கீங்கன்னா மாணவர்களுக்கு கிட்ஹப் இலவசமா குடுக்கிற ஸ்டூடண்ட் பேக் கேட்டு வாங்குங்க, இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு ஆதாரம் கேப்பாங்க, அதனால கடைசி செமஸ்டர் முடியுறதுக்குள்ள கேளுங்க.

ஃபைல் சைஸ் மட்டும் பாத்துக்குங்க, கிட்ஹப்ல ஒரு ஃபைல் 50 எம்பி தாண்டினா எச்சரிக்கை வரும், 100 எம்பி தாண்டினா புஷ்ஷே ஏத்துக்காது. வீடியோ, பெரிய ஃபோட்டோ, டேட்டாபேஸ் டம்ப் எல்லாம் வேற எடத்துல வையுங்க.

நேரம்னு பாத்தா 1லேர்ந்து 5 வரைக்கும் ஒரு சாயங்காலம் பிடிக்கும், அக்கவுண்ட், டூ ஃபேக்டர் எல்லாம் சேத்து. அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு சில நிமிஷம் தான்.

12. ரெண்டாவது காப்பி

கிட்ஹப்ப மட்டும் நம்பி இருக்க வேண்டாம், அக்கவுண்ட் லாக் ஆனா என்ன செய்வீங்க. கிட் பண்டில் கிரியேட், ஒரு ஃபைல் பேர், மைனஸ் மைனஸ் ஆல்னு அடிச்சா எல்லா பிராஞ்சும் டேக்கும் வரலாறும் ஒரே ஃபைலா வரும். லோ யாட் பிளாசால ஒரு பென்டிரைவ் வாங்கி மாசம் ஒரு தடவை அதுல போட்டு அம்மா வீட்டுலயோ அக்கா வீட்டுலயோ குடுத்து வையுங்க. அந்த ஃபைல்ல இக்னோர் பண்ணது எதுவும் இருக்காது, அதாவது டாட் என்வ்வும் டேட்டாபேஸும் வராது. சாவியெல்லாம் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர்ல தனியா வையுங்க, டேட்டாபேஸ் பேக்கப் தனி வேலை.

எடுத்து வச்ச பண்டில ஒரு தடவையாவது வேற லெப்டாப்ல கிட் குளோன் பண்ணி, ரீட்மீல எழுதினத மட்டும் பாத்து ஓட்டிப் பாருங்க. எங்க நிக்குதோ அந்தப் படி ரீட்மீல இல்லைன்னு அர்த்தம், எந்த சாவி கேக்குதோ அது என்வ் எக்ஸாம்பிள்ல விட்டுப் போயிருக்கும். ரெண்டையும் சேத்து எழுதி, கமிட் பண்ணி, புஷ் பண்ணிடுங்க.